28 நாள், காசு கேட்காத ஒரு படிவம்

நான் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள். பெயருக்குக் கணக்கெழுதுவதுதான் தொழில். வடமேற்கு லண்டனில் எங்கள் ஆட்களின் 11 சின்னக் கடைகளுக்கு வற் என்கிற பெறுமதி சேர் வரிக் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் கணக்கோடு சேர்ந்து மற்றதெல்லாம் வரும். மதுபான உரிமம், கவுன்சில் வரி, கடவுச்சீட்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். "தங்கச்சி, இதையும் ஒருக்கால் பார்" என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே இந்த மதிப்பீட்டை ஒரு சட்டத்தரணியின் எழுத்தாக எடுக்க வேண்டாம். படிவத்தால் வயிறு வளர்க்கிற ஒருத்தி, தான் பாவித்துப் பார்த்த ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறாள், அவ்வளவுதான்.

சேவை இதுதான். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ, பாரதூரமான குற்றங்களை விசாரிக்கிற கிரௌன் கோர்ட் ஒன்று ஒருவருக்குக் கொடுத்த தண்டனை மிகவும் குறைவு என்று உங்களுக்குத் தோன்றினால், அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதலாம். எழுத்து போய்ச் சேர்வது அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு. இலங்கையில் நாங்கள் சட்டமா அதிபர் என்று சொல்கிற அதே பதவி. அவரோ அவருக்கு அடுத்த சொலிசிட்டர் ஜெனரலோ வழக்கைப் பார்த்து, சரி என்று பட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தண்டனை கூடலாம், கூடாமலும் போகலாம். நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றில்லை. சாட்சியாகவும் இருக்கத் தேவையில்லை. பேப்பரில் வாசித்துக் கோபம் வந்தவர்கூட எழுதலாம். ஒரு பென்னியும் கட்டணமில்லை.

இந்தப் படிவம் இருப்பது எனக்கும் தெரியாது. தெரியவந்தது 2023 மார்ச்சில், ஒரு கடை அண்ணையால்.

அண்ணையின் கடை ஒரு மூலைக்கடை. பேப்பர், பால், லொத்தர், சிகரெட். 2021 நவம்பரில் ஒரு மாலை, அவர் தனியாக நின்றபோது இரண்டு பெடியன்கள் வந்தார்கள். ஒருவன் கதவடியில் நின்றான். மற்றவன் சமையலறைக் கத்தி ஒன்றை எடுத்து, கவுண்டர் பலகையில் ஒரு குத்துக் குத்தி, லாச்சியைத் திற என்றான். அண்ணை திறந்தார். எடுத்துக்கொண்டு போகிறபோது அவரைப் பின்தட்டில் தள்ளிவிட்டதில் மணிக்கட்டு உடைந்தது. போனது 640 பவுணும் கொஞ்சம் சிகரெட் பெட்டியும். அந்தக் கணக்கை எழுதியவள் நான்.

பலகையில் கத்தி பதிந்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு. நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்கும். அண்ணை அதன்மேல் சில்லறைத் தட்டை வைத்து மறைத்துவிட்டார். பலகையை மாத்துங்கோ அண்ணை என்று எத்தனையோ தரம் சொன்னேன். "இருக்கட்டும்" என்பார். அந்த நாளிலிருந்து மாலை 7 மணிக்கே ஷட்டரை இறக்கத் தொடங்கினார். 7க்கும் 10க்கும் இடையில் வருகிற வியாபாரம்தான் அந்தக் கடையின் இலாபம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கதவடியில் நின்றவன் கடைசிவரை பிடிபடவில்லை. கத்தி வைத்திருந்தவன் பிடிபட்டான். 21 வயது. முதலில் நான் இல்லை என்றான். விசாரணை தொடங்குகிற அன்று காலை, அண்ணை கோட் போட்டுக்கொண்டு சாட்சி அறையில் காத்திருக்க, ஓம் நான்தான் என்று ஒப்புக்கொண்டான். தண்டனை அடுத்த மாதம். அன்று அண்ணை போகவில்லை, கடையில் ஆள் இல்லை. முடிவைச் சொல்ல வேண்டியவர்கள் சொன்னது ஆறு நாள் கழித்து, தொலைபேசியில் ஒரு பதிவாக. 2 வருடச் சிறை, ஆனால் ஒத்திவைப்பு. அதாவது பெடியன் அன்றே வீட்டுக்குப் போய்விட்டான். 200 மணித்தியாலம் சம்பளமில்லாத வேலை.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பதிவில் ஒரு சொல், "உங்களுக்கு இது குறைவென்று பட்டால் இப்படி ஒரு வழி இருக்கிறது" என்று ஒரேயொரு வசனம் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இன்னும் ஒன்பது நாள் சும்மா போனது. 15ஆம் நாள் அண்ணை வற் துண்டுகளோடு என்னிடம் வந்தபோதுதான் விஷயமே எனக்குத் தெரியும். அன்றிரவு அரசாங்க இணையத்தளத்தில் தேடியபோது இந்தப் படிவம் அகப்பட்டது.

படிவத்தைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. உரிமப் புதுப்பிப்புக்குக் கேட்கிற கேள்விகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குற்றவாளியின் பெயர், எந்த நீதிமன்றம், எந்த நாள், என்ன குற்றம், ஏன் குறைவு என்று நினைக்கிறீர்கள். முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான். கையெழுத்து வேட்டை நடத்தத் தேவையில்லை. ஒருவர் கேட்டாலே போதும், ஆயிரம் பேர் கேட்டாலும் பார்ப்பது அதே வழக்கைத்தான். எங்கள் சங்கத்துத் தலைவர் 300 கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று வந்தார். நல்ல மனம். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

கஷ்டம் அந்தக் கடைசிப் பெட்டியில்தான். ஏன் குறைவு? அண்ணை சொல்லச் சொல்ல எழுதினேன். நித்திரை இல்லை, ஷட்டர் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கிறது, மனிசி இனிக் கடையை வில் என்கிறாள். எல்லாம் உண்மை. ஆனால் எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, இது நோவைச் சொல்கிறதே தவிரக் கணக்கைச் சொல்லவில்லை என்று பட்டது. எனக்குத் தெரிந்தது கணக்கு. ஆகவே நீதிபதிகளின் கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

அது ஒளித்து வைத்த விஷயமே இல்லை. தண்டனைப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. குற்றத்துக்குக் குற்றம் ஒரு அட்டவணை போட்டு யாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். கொள்ளை என்ற தலைப்பில், கத்தியைக் காட்டி மிரட்டினால் குற்றத்தின் தரம் மேல்வரிசை. பாதிப்பு நடுத்தரம் என்று எடுத்தால் தொடக்கப் புள்ளி 5 வருடம், 4இலிருந்து 8 வரை போகலாம். ஒப்புக்கொண்டால் கழிவு உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒன்று, விசாரணை தொடங்குகிற அன்று ஒப்புக்கொண்டால் பத்தில் ஒன்று. அந்த நேரத்துச் சட்டப்படி ஒத்திவைப்பு என்பது 2 வருடத்துக்குள் இருந்தால்தான் சாத்தியம்.

சரி, நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஐந்தில் பத்திலொன்று போனால் நாலரை. மிச்சம் இரண்டரை வருடம் எங்கே போனது? எந்தக் கடையின் புத்தகத்திலும் இப்படி ஒரு ஓட்டை இருந்தால் வரித் திணைக்களம் கேள்வி கேட்கும். அதையே எழுதினேன், மரியாதையாக. 16ஆம் நாள் அனுப்பினோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் ஆகப் பெரிய பொறி இதுதான். 28 நாள். நான் போன நேரத்து விதிப்படி, தண்டனை கொடுத்த நாளிலிருந்து 28 நாளுக்குள் நீங்கள் எழுதினால் போதாது, அவர்கள் வழக்குக் கட்டை எடுத்து, வாசித்து, முடிவெடுத்து, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடுவதும் அந்த 28க்குள். 27ஆம் நாள் அனுப்பினால் படிக்கவே நேரம் காணாது. எங்கள் வழக்கில் மேலே அனுப்புகிறோம் என்ற பதில் வந்தது 27ஆம் நாள். அன்று அண்ணை கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார், பால் வாங்க வந்த போலந்துக்காரரிடம்கூட.

இன்னொன்று. தண்டனை பெற்றவனுக்கும் மேன்முறையீட்டுக்கு 28 நாள்தான். ஆனால் அவன் பிந்தினால் காரணம் சொல்லி நேரம் கேட்கலாம், நீதிமன்றம் விரும்பினால் கொடுக்கும். சட்டமா அதிபருக்கு அந்தச் சலுகை நான் போன நேரத்தில் இல்லை. 28 என்றால் 28. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த எண்ணை எதிர்த்துப் பல வருடமாகச் சத்தம் போடுகின்றன. செத்த வீட்டில் 28 நாள் என்பது என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தியேட்டி முடிகிறதற்கே 31.

சேவையின் வரலாறு எனக்குப் பிறகுதான் தெரியும். இந்தத் திட்டம் வரும்வரை இந்த நாட்டில் குற்றவாளிக்கு மட்டும்தான் தண்டனைமீது மேன்முறையீடு. குறைந்துபோனால் குறைந்ததுதான். 1986 மார்ச்சில் ஈலிங்கில் ஒரு பாதிரியார் வீட்டுக்குள் கொள்ளையர் புகுந்து, அவருடைய மகளைப் பாலியல் வல்லுறவு செய்தார்கள். அடுத்த வருடம் வந்த தீர்ப்பில், அந்தப் பெண்ணுக்கு ஏற்பட்ட பாதிப்பு அவ்வளவு பெரிதில்லை என்ற பொருளில் நீதிபதி பேசினார். ஆகக் கூடிய தண்டனை போனது வல்லுறவில் சேராத, கொள்ளையில் மட்டும் நின்றவனுக்கு. வருடா வருடம் கனகதுர்க்கை அம்மன் தேருக்கு நாங்கள் போகிற அதே ஈலிங்தான். தேர் பார்க்கப் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தீர்ப்பு கிளப்பிய கோபம் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தில் 36ஆம் பிரிவாக வந்து நின்றது. 1989இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்றைக்கும் வழக்கை நடத்திய அரச தரப்புச் சட்டத்தரணிகளால் தண்டனை குறைவு என்று தாங்களாகவே மேலே போக முடியாது. வாசல் ஒன்றுதான், அது சட்டமா அதிபருடையது.

வழக்கு எடுபட்டது 2023 ஜூனில், லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில், மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிற பெரிய கட்டடத்தில். போகாமலும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவரை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை, ஒன்றும் கேட்பதுமில்லை. ஆனால் அண்ணை போக வேண்டும் என்று நின்றார். கடையை மூடிவிட்டு, கல்யாண வீட்டுக் கோட்டோடு வந்தார். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் டெம்பிள் என்றதும் "எந்தக் கோயில் தங்கச்சி?" என்றார். ஒரு கோயிலும் இல்லை அண்ணை, நடவுங்கோ.

கட்டடம் 1882இல் திறந்தது. வெளியே இருந்து பார்த்தால் தேவாலயம் மாதிரி, வாசலில் விமான நிலையச் சோதனை மாதிரி. உள்ளே போவதற்கு அனுமதி ஒன்றும் தேவையில்லை. அன்றைய வழக்குப் பட்டியலில் பெயரைத் தேடி, அறை இலக்கத்தைப் பிடித்து, பின்வாங்கில் போய் இருந்தால் சரி. சுவர் முழுக்கப் புத்தகம். மூன்று நீதிபதிகள், பொய்முடியோடு. கூட்டம் கிடையாது. ஜூரி இல்லை, சாட்சி இல்லை, யாரும் சத்தம் போடவும் இல்லை. நல்ல சினிமா ஒன்றை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். முக்கால் மணித்தியாலம் அவர்கள் கதைத்தது முழுக்க நான் இரவில் போட்ட அதே கணக்கு.

என் கணக்கில் விடுபட்டதும் அங்கேதான் வெளியே வந்தது. அவனுக்கு முன்குற்றம் இல்லை. வழக்கு 16 மாதம் இழுபட்டதில் பாதிக்குமேல் அவனுடைய பிழையல்ல. அந்த இடைவெளியில் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தான். தாய்க்கு டயாலிசிஸ். இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம்.

நீதிபதிகள் கேட்டது தண்டனை குறைவா என்று அல்ல. அளவுக்கு மீறிக் குறைவா என்று. இரண்டும் ஒன்றல்ல, இந்தச் சேவையை வாங்கப் போகிறவர் முதலில் விளங்க வேண்டியது இதுதான். 1989இல் இந்த வழியாக வந்த ஆரம்ப வழக்குகளில் ஒன்றிலேயே அன்றைய பிரதம நீதியரசர் லோர்ட் லேன் அளவுகோலைப் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்கிற ஒரு நீதிபதி நியாயமாகக் கொடுத்திருக்கக்கூடிய தண்டனைகளின் எல்லைக்கு வெளியே இது விழுந்திருக்கிறதா? எல்லைக்குள் இருந்தால், அடிவிளிம்பில் இருந்தாலும், தொட மாட்டார்கள். இரக்கம் காட்டுவது தன்னளவில் குற்றமில்லை என்றும் அவர் அதிலேயே சொல்லியிருக்கிறார்.

அன்றே தீர்ப்பு. 5இலிருந்து தொடங்கி, இளவயது, வேலை, தாமதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4. அதில் பத்திலொன்று கழித்தால் 3 வருடமும் 7 மாதமும். ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாம் தரம் உள்ளே போடுகிறோம் என்பதற்காக இன்னும் கொஞ்சம் குறைத்து, 3 வருடம். மாலை 4 மணிக்குள் இன்ன பொலிஸ் நிலையத்தில் போய்ச் சரணடைய வேண்டும்.

3 வருடம் என்றால் அந்த நேரத்தில் உள்ளே இருப்பது பாதி. அண்ணைக்கு அதையும் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெடியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியோடு கண்டதற்குப் பிறகு அவனை நேரே காண்பது அன்றுதான். காலடியில் ஒரு விளையாட்டுப் பை, சிப் இழுத்து மூடி. எப்படியும் இருக்கட்டும் என்று கொண்டுபோகச் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் தாய், அதே பையின் சிப்பைத் திறந்து உள்ளே எதையோ தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். பிறகு திரும்பவும் திறந்தார். காலுறை வைத்தேனா, மருந்து வைத்தேனா என்று ஊருக்கு அனுப்புகிறபோது அம்மாமார் பார்ப்பார்களே, அப்படி.

டெம்பிள் நிலையத்துக்குப் போகிற வழியில் அண்ணை ஒன்றும் கதைக்கவில்லை. ரயில் வந்த பிறகு கேட்டார். "தங்கச்சி, குறைக்கச் சொல்லி எழுதவும் படிவம் இருக்கோ?"

அது அவனுடைய சட்டத்தரணியின் வேலை அண்ணை என்றேன். உங்களுக்கு மனம் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். இல்லை, மூன்று சரிதான், ஐந்து என்றாலும் சரிதான், சும்மா கேட்டேன் என்றார். அடுத்த கிழமையிலிருந்து ஷட்டர் 9 மணிவரை திறந்திருந்தது. சேவை வேலை செய்ததா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த அளவுகோலில், ஓம்.

ஆனால் ஒரு கடை நல்ல சாமான் தந்தது என்பதற்காக எல்லாரும் அங்கே போகலாம் என்று சொல்ல முடியாது. அண்ணையின் கதை பரவிய பிறகு என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள்.

முதலாவது ஒரு அக்கா. வீதியைக் கடக்கும்போது அவருடைய தாயாரை ஒரு கார் அடித்து, ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் போய்விட்டார். ஓட்டியவருக்குச் சிறை இல்லை. அக்கா நாள் தவறவில்லை, 9ஆம் நாளே வந்துவிட்டார், எல்லாத் தாள்களையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு. முதல் தாளிலேயே எனக்குக் கை நின்றது. குற்றம், கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்தது. இந்தச் சேவை எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது. கொலை, வல்லுறவு, கொள்ளை, பாரதூரமான சில மோசடிகள், போதைப்பொருள், இனத்தின் பேரால் செய்த சில குற்றங்கள். 2017இல் பயங்கரவாதக் குற்றங்கள் சிலவற்றைச் சேர்த்தார்கள். 2019 நவம்பரில், பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, வீட்டுக்குள் துணையை அடக்கி ஆள்வது போன்றவற்றையும் சேர்த்தார்கள். ஆபத்தான முறையில் ஓட்டி ஒருவரைக் கொன்றால் பட்டியலில் உண்டு. கவனக்குறைவாக ஓட்டிக் கொன்றால் இல்லை. இந்த வித்தியாசத்தை ஒரு அக்காவுக்கு நேரே பார்த்துச் சொல்ல வேண்டிவந்தால் எப்படிச் சொல்வீர்கள்? எனக்கு வரவில்லை. அனுப்பிப் பார்ப்போம் என்று அனுப்பினேன். திட்டத்துக்குள் வராது என்று பதில் வந்தது. பதில் மரியாதையாகத்தான் இருந்தது.

அதேபோல மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கொடுத்த தண்டனைக்கும் வழியில்லை. பிபிசி செய்தி வாசிப்பாளராக இருந்த ஹியூ எட்வர்ட்ஸ் 2024 செப்டெம்பரில் சிறுவர் ஆபாசப் படங்கள் வழக்கில் 6 மாத ஒத்திவைத்த சிறையோடு வீட்டுக்குப் போனபோது, எங்கள் வாட்ஸப் குழுவில் பலர் அந்தப் படிவத்தின் இணைப்பை எனக்கு அனுப்பி நிரப்பச் சொன்னார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், ஆகவே முடியாது என்று பதில் எழுதி எழுதிக் கை அலுத்தது.

இரண்டாவதாக வந்தவர் 33ஆம் நாள் வந்தார். தேத்தண்ணி மட்டும்தான் கொடுக்க முடிந்தது.

முழு நாட்டு அளவில் பார்த்தாலும் எதிர்பார்ப்பைக் கீழே வைப்பது நல்லது. 2016இல் 837 முறையீடுகள் போயிருக்கின்றன, தண்டனை கூடியது 141 பேருக்கு. எவ்வளவு பேர் சத்தம் போடுகிறார்கள், யார் வந்து வாதாடுகிறார் என்பதும் எடுபடாது. பொலிஸ்காரர் ஆண்ட்ரூ ஹார்ப்பரைக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கொன்ற மூன்று இளைஞர்களுக்கு 16, 13, 13 வருடம் என்றபோது, அன்றைய அட்டர்னி ஜெனரல் சுவெல்லா பிரேவர்மன் தானே நேரில் போய் நின்றார். 2020 டிசம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நொட்டிங்ஹாமில் மூன்று பேரைக் கொன்ற வால்டோ கலோக்கேனுக்கு மனநல மருத்துவமனைக் கட்டளை போதாது என்று போனார்கள், 2024 மேயில் அதுவும் இல்லையென்று வந்தது. ஆனால் ஆறு வயது ஆர்தர் லபின்ஜோ ஹியூஸைச் சாகவிட்ட தகப்பனுக்கு 2022இல் 21 வருடம் 24 ஆனது. அதே வழக்கில் சித்தியின் ஆயுள் தண்டனையும், அதில் ஆகக் குறைந்தது 29 வருடம் என்பதும் அப்படியே இருந்தது. தொலைக்காட்சியில் பெயர்பெற்ற ஸ்டுவர்ட் ஹோலுக்கு 2013இல் 15 மாதம் 30 ஆனது. அடுத்த வருடம் இன்னொரு தொலைக்காட்சிப் பிரபலமான ரோல்ஃப் ஹாரிஸுக்கு 5 வருடமும் 9 மாதமும் காணாது என்று 150க்கு மேற்பட்டவர்கள் எழுதியும், அனுப்புவதில்லை என்று சட்டமா அதிபரே முடிவெடுத்தார். கோபத்தின் அளவுக்கும் முடிவுக்கும் தொடர்பு தேடினால் அகப்படாது. அட்டவணைக்கும் முடிவுக்கும்தான் தொடர்பு.

இதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் குறைகள் வேறு. எந்தக் குற்றம் உள்ளே எந்தக் குற்றம் வெளியே என்ற பட்டியலைத் தாயைப் பறிகொடுத்தவர் விளங்கிக்கொள்ளும்படி யாரும் எழுதி வைக்கவில்லை. தமிழில், வங்காளியில், போலிஷில் ஒரு பக்கத் துண்டு காகிதம் போதும், அதுவும் தண்டனை சொல்கிற அன்றே கையில் கிடைக்க வேண்டும். அப்புறம் அந்த 28 நாள். குற்றவாளிக்குப் பிந்தி வர ஒரு சின்ன வாசல் இருந்தால், மற்றப் பக்கத்துக்கும் ஒன்று இருப்பதில் என்ன குடி முழுகிப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நட்சத்திரம் கேட்டால் படிவத்துக்கு 5, திட்டத்துக்கு 3. சராசரி எடுக்க மாட்டேன். கணக்கெழுதுகிறவள் அப்படிச் செய்யக் கூடாது, இரண்டும் வேறு வேறு பத்தி.

பாவிக்கப் போகிறவர்களுக்கு: ஸ்கொட்லாந்து வழக்கென்றால் இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அங்கே முறை வேறு. தண்டனை சொல்கிற அன்று யாராவது ஒருவர் நீதிமன்றத்தில் இருக்கட்டும், கடையை மூடிவிட்டென்றாலும் போங்கள். நீதிபதி சொல்கிற காரணங்களை எழுதி வாருங்கள். குற்றத்தின் சட்டப் பெயரைத் துல்லியமாகக் கேட்டுக் குறியுங்கள், "அடிதடி கேஸ்" என்று கொண்டுவந்தால் அது எந்தப் பிரிவு என்று நான் சாத்திரம் பார்க்க முடியாது. நோவையும் எழுதுங்கள், ஆனால் அட்டவணையையும் பாருங்கள்.

இப்போது என் மேசைக்கு மேலே தொங்குகிறது மரக்கறிக் கடைக்காரர் கொடுத்த முருகன் நாட்காட்டி. வருகிற வியாழன் ஒரு வாடிக்கையாளரின் மகனுடைய வழக்கில் தண்டனை. அவனை அடித்தவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது, குறைந்துபோகும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனாலும் வியாழனைச் சிவப்பில் வட்டமிட்டு, அங்கிருந்து 10ஆம் நாளையும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். 28ஐ வட்டமிடவில்லை.